மருந்துக்குத் துணை நிற்கும் விளையாட்டு: நோயுற்ற குழந்தையும் வீடியோ விளையாட்டும்

குழந்தைகள் பிரிவில் கட்டு மாற்றும் வண்டி உருண்டு வரும் ஓசை கேட்டவுடன், படுக்கையில் இருக்கும் சிறுவன் தாயின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறான். தாயின் பையில் கைப்பேசி இருக்கிறது. அதைக் கொடுத்தால் அவன் சற்று அடங்குவான் என்பது அவருக்குத் தெரியும். எனினும் கை தயங்குகிறது. நோய் வருவதற்கு முன்பு வீட்டில் எதைத் தடுத்து வந்தாரோ, அதையே இப்போது தாமே எடுத்துக் கொடுப்பதா? கண் கெடும் என்று பாட்டி சொல்வார். பழகிவிட்டால் விடமாட்டான் என்று தந்தை சொல்வார். அழுகின்ற பிள்ளையின் முன்னால் இவற்றையெல்லாம் ஆராய்ந்து முடிவெடுக்க அவருக்கு நேரமும் இல்லை.

அந்தத் தயக்கம் நியாயமானது. வீடியோ விளையாட்டுகளால் விளையும் தீமைகளைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவற்றால் நோயுற்ற குழந்தைகளுக்குக் கிடைக்கக்கூடிய நன்மைகளைப் பற்றிக் கேட்டது குறைவு. கடந்த முப்பது ஆண்டுகளில் மருத்துவமனைகளில் இதுபற்றி முறையான ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றிலிருந்து பெற்றோரும் உடனிருப்போரும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வலியும் கவனமும்

உடலில் காயம்பட்ட இடத்திலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி, வழியில் எவ்விதத் தடையுமின்றி அப்படியே சென்று சேர்வதில்லை. 1965ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. அது வலிச் செய்தியைச் சில வேளைகளில் மிகுதியாகவும் சில வேளைகளில் குறைவாகவும் உள்ளே விடுகிறது. அச்சம், கவனம், முன் அனுபவம் ஆகியவை மூளையிலிருந்து இறங்கி வந்து அவ்வாயிலை அசைக்க வல்லவை என்பது அக்கோட்பாட்டின் சாரம். பிற்கால ஆய்வுகள் அதன் நுணுக்கங்களைத் திருத்தியுள்ளன. ஆயினும் கவனமும் அச்சமும் வலியின் அளவை மாற்றும் என்ற அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்துள்ளது.

கவனம் அளவுக்கு உட்பட்டது. ஒரு செயலில் அது முழுமையாக ஈடுபட்டிருக்கும்போது, வலிக்குச் செலுத்தக் குறைவாகவே எஞ்சுகிறது. திருவிழாவில் ஓடியாடிய பிள்ளை, காலில் முள் தைத்ததை வீடு திரும்பிய பின்னரே உணர்வதும் இதனால்தான்.

இந்த உண்மையைத் தீக்காய மருத்துவத்தில் பயன்படுத்தியவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் ஆவர். தீக்காயம் பட்டவருக்கு விபத்து ஒருமுறைதான் நிகழ்கிறது. ஆனால் கட்டு அவிழ்த்துப் புண்ணைத் தூய்மை செய்யும் வேதனை நாள்தோறும் திரும்பி வருகிறது. வலிநீக்கி மருந்து கொடுத்த பின்னும் பலருக்கு அந்நேரத்து வலி கடுமையாகவே இருக்கும். இதற்காக அவர்கள் ‘ஸ்நோ வேர்ல்ட்’ என்னும் மெய்நிகர் விளையாட்டை உருவாக்கினர். நோயாளி கண்களை மூடும் கருவியை அணிந்துகொண்டால், பனி உறைந்த பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்து செல்வதைப் போன்ற காட்சி தோன்றும். பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனிப்பந்துகளை எறிய வேண்டும். தீயின் நினைவிலிருந்து மனத்தை இயன்றவரை தொலைவுக்குக் கொண்டுசெல்லவே குளிர்ந்த உலகம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

வலிநீக்கி மருந்தோடு இவ்விளையாட்டையும் சேர்த்தபோது நோயாளிகள் உணர்ந்த வலி குறைந்தது. 2004ஆம் ஆண்டு இக்குழுவினர், உடல்நலமுள்ள தன்னார்வலர்களின் காலில் அளவான வெப்ப வலியை உண்டாக்கி, அவர்கள் விளையாடும்போது மூளையைப் படம்பிடித்தனர். வலியோடு தொடர்புடைய 5 மூளைப்பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. ‘விளையாடினால் வலி தெரியாது’ என்பது வெறும் ஆறுதல் மொழி அன்று என்பதை இது உணர்த்துகிறது.

இத்தகைய கருவி எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது. கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ ஆடும் எளிய விளையாட்டு அதே அளவுக்கு மனத்தை ஆட்கொள்ளாமல் போகலாம். இருப்பினும் ஊசி குத்துதல், தையல் பிரித்தல், இரத்தம் எடுத்தல் போன்ற சிறு செயல்முறைகளில் அதுவும் உதவக்கூடியதே. நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: மருத்துவர் எழுதிக் கொடுத்த வலிநீக்கி மருந்துக்கு விளையாட்டு மாற்றாகாது. குழந்தை அமைதியாக விளையாடுகிறது என்பதற்காக அதற்கு வலியே இல்லை என்றும் கருதிவிடக் கூடாது. இடையில் நிறுத்தி, ‘இப்போது வலி எவ்வளவு இருக்கிறது?’ என்று கேளுங்கள்.

அறுவை அரங்கின் வாசலில்

மயக்க மருந்து கொடுப்பதற்காக முகமூடியை முகத்தருகே கொண்டுவரும் தருணம், குழந்தைக்கு மிகுந்த அச்சம் தருவது. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்கு வந்த 4 முதல் 12 வயது வரையுள்ள 112 குழந்தைகள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முதற்பிரிவினருக்குப் பெற்றோர் உடனிருந்தனர். இரண்டாம் பிரிவினருக்குப் பெற்றோரும் இருந்தனர். அச்சம் தணிக்கும் மருந்தும் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குப் பெற்றோர் உடனிருக்க, கையில் பிடித்து ஆடும் ஒரு சிறு வீடியோ விளையாட்டுக் கருவி கொடுக்கப்பட்டது. முகமூடி வைக்கும் வேளையில் முதல் இரு பிரிவினரின் அச்சமும் முன்பிருந்ததைவிடக் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. விளையாடிய பிரிவில் அவ்வாறு உயரவில்லை.

இந்த ஆய்வில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூன்று பிரிவிலும் தாயோ தந்தையோ உடனிருந்தனர். குழந்தையிடம் கருவியைக் கொடுத்துவிட்டு விலகிச் சென்றவர் எவருமில்லை. ஆகவே விளையாட்டு பெற்றோரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று இதற்குப் பொருளில்லை. பெற்றோரின் அருகாமைக்கு அது வலுச் சேர்த்தது என்பதே பொருள். அறுவைக்கு முன் விளையாட அனுமதி உண்டா, அச்சம் தணிக்கும் மருந்து தேவையா என்பவற்றை உங்கள் மயக்கவியல் மருத்துவரே முடிவு செய்வார். முந்தைய நாளே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நோயைப் புரிந்துகொள்ளுதல்

விளையாட்டின் வழியே பாடம் புகட்டுவது நமக்குப் புதிதன்று. நற்செயலுக்கு ஏணியும் தீச்செயலுக்குப் பாம்பும் வைத்த பரமபதம், பல தலைமுறைகளாக அதைத்தான் செய்து வந்துள்ளது. நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளுக்கு இதே முறை பயன்படுமா என்ற வினாவுக்கு இரண்டு ஆய்வுகள் விடை தருகின்றன.

முதலாவது, இன்சுலின் செலுத்திக்கொள்ள வேண்டிய சர்க்கரை நோயுள்ள குழந்தைகளைப் பற்றியது. ‘பேக்கி அண்ட் மார்லன்’ என்னும் விளையாட்டில் சர்க்கரை நோயுள்ள இரண்டு யானைகள் கதைமாந்தர்கள். உணவைத் தேர்ந்தெடுப்பது, இரத்தச் சர்க்கரையை அளப்பது, இன்சுலின் அளவை முடிவு செய்வது ஆகியவற்றைச் சரியாகச் செய்தால்தான் யானை முன்னேறும். 1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 8 முதல் 16 வயது வரையுள்ள 59 பேர் 6 மாதங்கள் வீட்டிலேயே விளையாடினர். ஒரு பிரிவினருக்கு இந்த விளையாட்டும், மற்றொரு பிரிவினருக்கு நோயோடு தொடர்பில்லாத வேறொரு விளையாட்டும் கொடுக்கப்பட்டன. யானை விளையாட்டை ஆடியவர்களிடம் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் பழக்கம் மேம்பட்டது. சர்க்கரை நோயின் காரணமாக அவசரமாக மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை 77 விழுக்காடு குறைந்தது. நோயைப் பற்றிய அறிவில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வேறுபட்டது மற்றொன்று: யானை விளையாட்டை ஆடிய பிள்ளைகள் தங்கள் நோயைப் பற்றிப் பெற்றோரிடம் முன்னைவிட அதிகமாகப் பேசத் தொடங்கினர்.

இரண்டாவது, புற்றுநோயுள்ள இளையோரைப் பற்றியது. ‘ரீ-மிஷன்’ என்னும் விளையாட்டை ‘ஹோப்லேப்’ என்ற அமெரிக்க நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்டது. ‘ராக்ஸி’ என்னும் நுண்ணிய இயந்திரப் பெண் நோயாளியின் உடலுக்குள் பயணம் செய்து, புற்றணுக்களை அழிக்கிறாள், நோய்த்தொற்றை எதிர்க்கிறாள். விளையாட்டுக்குள் இருக்கும் நோயாளி மருந்தைத் தவறவிட்டால் அவளுடைய போர் தடுமாறும்.

இதன் தேவையை, பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோயை அறிந்த பெற்றோர் உடனே உணர்வார்கள். கடுமையான சிகிச்சைக் கட்டங்கள் முடிந்தபின், வீட்டிலிருந்தபடியே நெடுங்காலம் மாத்திரை சாப்பிட வேண்டிய பராமரிப்புக் கட்டம் வருகிறது. தலைமுடி மீண்டும் வளர்ந்திருக்கும். பிள்ளை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருக்கும். பார்ப்பதற்கு நலமாக இருக்கும் அக்காலத்தில்தான் மாத்திரை மறக்கப்படுகிறது, அல்லது மறைக்கப்படுகிறது. தவறும் மாத்திரைகள் பெருகப் பெருக, நோய் திரும்பும் அபாயமும் பெருகுகிறது.

2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ மையங்களைச் சேர்ந்த, 13 முதல் 29 வயது வரையுள்ள 375 நோயாளிகள் பங்கேற்றனர். ரீ-மிஷன் விளையாடியவர்கள், மற்றவர்களைவிட நோய்த்தொற்றுத் தடுப்பு மருந்தையும் மெர்காப்டோபியூரின் என்னும் புற்றுநோய் மாத்திரையையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டனர். நோயைப் பற்றிய அறிவும், ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற தன்னம்பிக்கையும் அவர்களிடம் உயர்ந்தன. ஆனால் மன அழுத்தத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் மாற்றம் காணப்படவில்லை. ஒரு விளையாட்டு எல்லாவற்றையும் சீராக்கிவிடும் என்று எவரும் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவும் சான்று.

இவ்விளையாட்டுகள் உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் அவற்றின் பாடம் கிடைக்கும். ஒவ்வொரு மாத்திரையும் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கதையாகச் சொல்லலாம். ஒரு தாளில் பரமபதக் கட்டம் வரைந்து, மாத்திரை சாப்பிட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் முன்னேறச் செய்யலாம். தவறிய நாளுக்குப் பாம்பு மட்டும் வேண்டாம். தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை, மாத்திரையைத் தலையணைக்கு அடியில் மறைக்கக் கற்றுக்கொள்ளும். தவறியதை உண்மையாகச் சொன்னால் அதற்கும் ஒரு பாராட்டு இருக்கட்டும்.

கவனக் குறைபாடும் உடல் இயக்கமும்

கவனக் குறைபாட்டுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கென உருவாக்கப்பட்ட ‘எண்டெவர் ஆர்எக்ஸ்’ என்னும் விளையாட்டுக்கு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 ஜூன் மாதத்தில் அனுமதி வழங்கியது. ஒரு வீடியோ விளையாட்டு மருத்துவர் சீட்டின் பேரில் கொடுக்கப்படும் நிலையை அடைந்தது அப்போதுதான். 8 முதல் 12 வயது வரையுள்ள 348 குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 நிமிடம், வாரத்தில் 5 நாள், 4 வாரம் விளையாடிய பிள்ளைகளின் கவனம் கணினித் தேர்வில் மேம்பட்டது. மருந்து, ஆலோசனை, பள்ளியின் ஒத்துழைப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தவே இது அனுமதிக்கப்பட்டது. அந்த அளவான நேரக் கட்டுப்பாடே சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்ததையும் காண்க. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு விளையாட்டை மணிக்கணக்கில் ஆடினால் கவனம் கூடும் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது.

உடலை அசைத்து ஆடும் விளையாட்டுகள் வேறு வகை. திரையில் தோன்றும் பந்தை அடிக்கக் கையை உயர்த்த வேண்டும். பலகையின் மீது நின்று உடல் எடையை இடமும் வலமும் மாற்ற வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குச் சமநிலைப் பயிற்சி அளிக்க இயன்முறை மருத்துவர்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஒரே அசைவை ஐம்பது முறை செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளும் பிள்ளை, விளையாட்டென்றால் தானாகவே செய்கிறது. எந்த அசைவு, எத்தனை முறை என்பதை இயன்முறை மருத்துவரே வகுத்துத் தர வேண்டும்.

தனிமை என்னும் நோய்

எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்குப் பின், அல்லது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், குழந்தையைத் தனி அறையில் வைக்க வேண்டியிருக்கிறது. அண்ணனோ தங்கையோ அருகில் வர இயலாது. அக்காலத்தில், வீட்டிலிருக்கும் அண்ணனுடன் கைப்பேசி வழியே ஆடும் ஒரு சதுரங்க ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு ஆகாது. அடுத்த நகர்வு என்ன என்று யோசிக்கும் அவ்வேளையில், அந்தப் பிள்ளை ‘நோயாளி’ என்ற பெயரிலிருந்து விடுபட்டு மீண்டும் ஒரு தம்பியாகிறான். ஊசியையும் உணவையும் உறக்கத்தையும் பிறரே தீர்மானிக்கும் மருத்துவமனையில், தானே முடிவெடுத்துத் தானே வெல்லும் ஒரு சிறு இடம் குழந்தைக்குத் தேவை. மருத்துவமனைகளில் உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்குவதற்கென்றே ‘சைல்ட்ஸ் பிளே’ என்னும் அறக்கொடை அமைப்பு 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டதும் இத்தேவையை உணர்ந்தே ஆகும்.

எல்லைகள்

நன்மைகளைச் சொன்ன பின் எல்லைகளைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

2 வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. 2 முதல் 4 வயது வரை, உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்று 2019ஆம் ஆண்டு அது அறிவுறுத்தியது. விளையாட்டின் மீதான கட்டுப்பாட்டை இழந்து, பிற கடமைகளை மறந்து, தீங்கு நேர்ந்த பின்னும் நிறுத்த இயலாத நிலையை ஒரு கோளாறாகவே அந்நிறுவனத்தின் நோய் வகைப்பாடு ஏற்றுள்ளது. அவ்வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றில் 3 பேருக்கு, மின்னி மறையும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனின் மின்னொளிக் காட்சியால் 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறார், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உங்கள் பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டு எனில், எந்த விளையாட்டையும் கொடுப்பதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. செயல்முறை தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பே விளையாட்டைத் தொடங்கச் செய்யுங்கள். அழுகை தொடங்கிய பின் கவனத்தைத் திருப்புவது கடினம்.

2. ஊசி போடப்போவதை மறைக்க விளையாட்டைப் பயன்படுத்தாதீர்கள். ‘ஊசி உண்டு, அந்நேரம் நாம் இதை ஆடலாம்’ என்று சொல்லுங்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை மறுமுறை விளையாட்டையே சந்தேகிக்கும்.

3. சில குழந்தைகள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவே விரும்பும். அதையும் மதியுங்கள். கேட்டு அறிவதே சரி.

4. மருந்து ஏறும் கைக்கு அசைவு கூடாது. மற்றொரு கையால் ஆடக்கூடிய விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

5. கருவியைச் செவிலியர் கூறும் முறைப்படி துடைத்துத் தூய்மை செய்யுங்கள். அடுத்த படுக்கையில் உள்ள பிள்ளையோடு அதைப் பகிர்வதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.

6. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். நோயுற்ற உடலுக்கு உறக்கமும் மருந்தே.

7. முன்பின் அறியாதவர்களுடன் உரையாடும் வசதியையும், விளையாட்டுக்குள் பணம் செலுத்தும் வசதியையும் முடக்கி வையுங்கள்.

8. நாளில் ஒருமுறையாவது நீங்களும் உடன் ஆடுங்கள். தோற்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

9. வீடு திரும்பும் நாளிலேயே புதிய நேர ஒழுங்கைப் பேசி முடிவு செய்யுங்கள். ‘மருத்துவமனையில் இருந்த சலுகை வேறு, வீட்டு வழக்கம் வேறு’ என்பதைக் குழந்தை புரிந்துகொள்ளும்.

கட்டு மாற்றும் வண்டியின் ஓசை கேட்டுத் தயங்கி நின்ற அந்தத் தாய்க்கு இனி விடை சொல்லலாம். அம்மா, கைப்பேசியைக் கொடுங்கள். குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குச் சென்றுவிடாதீர்கள். அவன் ஒரு கையால் விளையாடட்டும். மறு கை உங்கள் கையிலேயே இருக்கட்டும். ‘இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறாய்?’ என்று கேளுங்கள். கட்டு மாற்றி முடிந்ததும் கருவியை உடனே பறித்துவிடாமல், அந்த ஆட்டம் முடியும்வரை பொறுத்திருங்கள். நாளை அதே வண்டி மீண்டும் வரும்போது, இன்று பெற்ற அந்தச் சிறு வெற்றி அவனுக்குத் துணை நிற்கும்.